சொஃப்ட்போல் வின்ட்மில் பந்துவீச்சு: கையை எப்படிச் சுழற்றுவது, யார் சொல்வதைக் கேட்பது

கொழும்பில் யாரிடமாவது சொஃப்ட்போல் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் டெனிஸ் பந்தில் நடக்கும் மென்பந்து கிரிக்கெட் என்றுதான் நினைப்பார்கள். நான் எழுதப்போவது அது இல்லை. பேஸ்போல் மாதிரியே இருக்கும், ஆனால் மைதானம் சின்னது, பந்து பெரியது, பந்தை வீசுபவர் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குக் கீழே இருந்து விடுவார், அந்த ஆட்டம். ஃபாஸ்ட்பிட்ச் சொஃப்ட்போல். அதிலும் அந்தக் கைச் சுழற்றல் ஒன்றைப் பற்றித்தான் இங்கே கதைக்கப்போகிறேன்.

இது எனக்கு எப்படி வந்து மாட்டியது என்றால், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவின் மகள் போன ஜூலை விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்தாள். 16 வயது, அங்கே ஒரு கிளப்பில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். "ஐந்து கிழமை எறியாமல் இருந்தால் கை மறந்துபோகும் சித்தப்பா, நீங்கள் பிடியுங்கள்" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் மிதவேகம் போட்டவன். அண்டர்ஆர்ம்தானே, என்ன பெரிய வேகம் வந்துவிடப்போகிறது என்று எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளக் கார் பார்க்கில் ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மூன்றாவது பந்து முழங்காலுக்குக் கீழே, நேரே எலும்பில். இரண்டு நாள் நொண்டினேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அண்டர்ஆர்ம் என்றால் 1981இல் ட்ரெவர் சப்பல் மெல்பேர்னில் நியூசிலாந்துக்கு எதிராகத் தரையில் உருட்டிவிட்ட அந்தப் பந்துதான் ஞாபகம் வரும். அதை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் பலகையில் இருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 43 அடி, ஆண்களுக்கு 46 அடி. பிட்சர் முன்னால் பாய்ந்து விடுவதால் பந்து கையைவிட்டுப் புறப்படும்போது ஏறக்குறைய 37 அடிதான் மிச்சம். மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 0.39 விநாடி போதும். கிரிக்கெட்டில் 140 போடுகிறவரின் பந்து மட்டையாளரை வந்து சேர அரை விநாடிக்குக் கிட்ட எடுக்கும். 105 என்று கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மட்டையோடு நிற்பவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் அந்த 140ஐ விடக் குறைவு. அமெரிக்காவின் மொனிக்கா அபொட் 2012இல் மணிக்கு 77 மைல், அதாவது கிட்டத்தட்ட 124 கிலோமீற்றர், வீசியிருக்கிறார்.

பந்து பெயருக்குத்தான் சொஃப்ட். 1887இல் சிக்காகோவில் ஒரு படகுக் கிளப்பின் உள்ளரங்கில் பொக்சிங் கிளவுஸைக் கட்டி உருட்டிப் பந்தாக்கி ஆடியதில் தொடங்கிய ஆட்டம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது போல. இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவு, 180 முதல் 200 கிராம் வரை நிறை, நல்ல இறுக்கம். என் காலைக் கேளுங்கள்.

வீசும் வகைகள்

பழையவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று யாரும் உங்களுக்கு அவற்றைக் கற்றுத்தரப்போவதில்லை.

ஸ்லிங்ஷொட் என்பது கையை முழு வட்டம் சுற்றாமல், பின்பக்கமாக மேலே உயர்த்தி, கவண் இழுத்து விடுவது மாதிரிச் சட்டென்று கீழே கொண்டுவந்து விடுவது. ஜோன் ஜொய்ஸ் என்ற அமெரிக்கப் பெண் இந்த முறையில்தான் வீசினார். 1960களின் தொடக்கத்தில் பேஸ்போலின் மிகப் பெரிய மட்டையாளர்களில் ஒருவரான டெட் வில்லியம்ஸை ஒரு காட்சி ஆட்டத்தில் திணறடித்து அனுப்பியவர். ஆகவே ஸ்லிங்ஷொட் வேகமில்லாத முறை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிகர் எய்ட் என்று இன்னொன்று, கை உடம்புக்குப் பின்னால் 8 போடும், இப்போது அருங்காட்சியகச் சாமான். மொடிஃபைட் என்பது கையைப் பின்னால் கொண்டுபோய் அப்படியே முன்னால் கொண்டுவரும் அரைவீச்சு, அதற்கென்றே தனி ஆட்டப்பிரிவு சில நாடுகளில் இருக்கிறது. நம் எல்லே விளையாட்டில் தன் அணிக்காரனுக்கே பந்தைத் தூக்கிப் போட்டுக் கொடுப்போமே, அந்தக் கையசைவுக்கு மிகக் கிட்டியது இதுதான். முதல் நாள் பிள்ளைக்கு இதில் தொடங்குவது நல்லது. அதற்கான காரணம் பின்னால் வரும்.

மிச்சம் இருப்பது வின்ட்மில். இன்று நீங்கள் பார்க்கும் பெரிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் இதுதான். கை கீழே இருந்து முன்னால் எழுந்து, தலைக்கு மேலே போய், பின்னால் இறங்கி, இடுப்போரம் வந்து பந்தை விடும். விதிப்படி ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடாது. விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், முழங்கையை விட மணிக்கட்டு உடம்பில் இருந்து தள்ளிப் போகக்கூடாது. முழு வட்டம் சுற்றுவதால்தான் வேகம் வருகிறது என்று நானும் நினைத்தேன். பார்க்கப்போனால் முன்பக்க அரைவட்டம் தாளத்துக்கும் கால்களோடு நேரம் ஒத்துப்போவதற்கும்தான். வேகம் பிறப்பது கை பின்னால் இருந்து இறங்கும் அந்தக் கடைசிக் கால்வட்டத்தில்.

சண்டை நடப்பதும் அங்கேதான்.

உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது?

என் பெறாமகளுக்கு அங்கே இரண்டு கோச். கிளப்பில் ஒருவர், கிழமைக்கு ஒருநாள் தனியாகச் சொல்லிக்கொடுப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் நேரெதிராகச் சொல்கிறார்கள். பிள்ளை நடுவில் நின்று முழிக்கிறாள். நான் போதாக்குறைக்கு மூன்றாவது ஆளாக, "கையை நேராக வை, முழங்கையை மடக்காதே" என்று சொல்லிவைத்தேன். முரளியின் முழங்கையால், பந்து போடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்ற கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற நாடு இது, வேறு என்ன சொல்வேன்? அது முழுப்பிழை என்று பின்னால் விளங்கியது. சொஃப்ட்போலில் அந்த விதியே இல்லை. முழங்கை மடிந்து விரிவதில்தான் பாதி வேகம் ஒளிந்திருக்கிறது.

இதை விளக்க ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொள்வோம். வலக்கைப் பிட்சருக்கு வலப்பக்கம், அதாவது ஓடுபவர்கள் தொட்டுச்செல்லும் மூன்றாவது பேஸ் பக்கம், நீங்கள் நின்று பார்க்கிறீர்கள். கை முன்னால் நீண்டால் 3 மணி, தலைக்கு மேலே 12, பின்னால் கிடையாக நீண்டால் 9, கீழே தொங்கினால் 6.

முதல் முறைக்கு ஆங்கிலத்தில் ஹலோ எல்போ என்று பெயர். முழங்கை வணக்கம் சொல்வது மாதிரி முடிவதால் அந்தப் பெயர். 12இல் பந்தை முதுகுப்பக்கம் இருக்கும் இரண்டாவது பேஸைப் பார்க்கத் திருப்பு, 9இல் உள்ளங்கை நிலத்தைப் பார்க்கட்டும், அங்கிருந்து பந்தைக் கீழே தள்ளிக்கொண்டு வா, விடும்போது மணிக்கட்டைச் சுண்டு, இடுப்பைக் கதவு சாத்துவது போல மூடு, கடைசியில் முழங்கையை, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரை நோக்கித் தோள் உயரத்துக்குத் தூக்கி முடி. பல வருடமாகப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கச் சுலபம், பிள்ளைக்கும் உடனே விளங்கும், பந்தும் ஓரளவு நேராகப் போகும். அதனால்தான் இன்னும் ஓடுகிறது.

இரண்டாவது முறைக்கு இன்டர்னல் ரொட்டேஷன். முன்கை உட்புறமாகச் சுழல்வது என்று அர்த்தம். 12இல் உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்கும். 9க்கு வரும்போது வானத்தையோ உங்களையோ பார்க்கும், பந்தி பரிமாறுகிறவர் தட்டை ஏந்தி வருவாரே, அது மாதிரி. அங்கிருந்து முழங்கைதான் முதலில் விலாவை நோக்கி இறங்கும். முன்கையும் பந்தும் பின்தங்கி இழுபட்டு வரும். பிறகு முன்கையின் உட்பக்கம் இடுப்போரத்தை இலேசாக உரசும், உரசிய கணத்தில் மேற்கை பிரேக் பிடித்தது போல நிற்க, முன்கை சாட்டை நுனி மாதிரி முன்னே பாய்ந்து உள்ளே சுழன்று பந்தை விடும். விட்ட பின் கை தளர்ந்து, முழங்கை கொஞ்சம் மடிந்து, வயிற்றுக்குக் குறுக்கே தானாகப் போய் நிற்கும். எங்கே முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எது சரி? நான் கோச் இல்லை, ஆனால் கண் இருக்கிறது. 2008 ஒலிம்பிக்கிலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஜப்பானுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த யுகிக்கோ உவேனோவின் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மொனிக்கா அபொட்டைப் பாருங்கள். இடக்கைக்காரி கெட் ஒஸ்டர்மனைப் பாருங்கள். உடம்புவாகு வேறு, பாய்ச்சல் வேறு, கை முடியும் இடமும் வேறு. ஆனால் 9 மணியில் பந்தை நிலத்தை நோக்கிப் பிடித்துத் தள்ளுகிறவர் என்று ஒருவரைக்கூட நான் காணவில்லை. வேடிக்கை என்னவென்றால், உயர்மட்டத்தில் ஆடியவர்களே முகாமில் சின்னப் பிள்ளைகளுக்கு "மணிக்கட்டைச் சுண்டு, முழங்கையைத் தூக்கு" என்று சொல்லிக்கொடுப்பதும் நடக்கிறது. தாங்கள் செய்வது தங்களுக்கே தெரியாது. அது குற்றமில்லை, அரை விநாடிக்குள் முடிகிற காரியத்தை யார் உணர்ந்து சொல்ல முடியும்? நடக்கிற மனிதனிடம் எப்படி நடக்கிறாய் என்று கேட்டால் அவனும் பிழையாகத்தான் சொல்வான்.

சந்தேகமாக இருந்தால் இப்போதே எழுந்து நின்று செய்து பாருங்கள். கை கழுவிவிட்டுத் துடைக்கத் துணி இல்லாவிட்டால் தண்ணீரை எப்படி உதறுவீர்கள்? முழங்கையை இறுக்கி நேராக வைத்து உதறிப் பாருங்கள், பிறகு கையைத் தளர்த்தி, முழங்கை முன்னே போக விட்டு, முன்கை பின்னால் வந்து திரும்பும்படி உதறிப் பாருங்கள். எந்த உதறலில் துளி தூரம் போகிறது என்று சுவரே சொல்லும். பேரை வாவியில் தட்டையான கல்லைத் தத்தித் தத்திப் போக எறிந்தவர்களுக்கு இதை இன்னும் கெதியாக விளங்கவைக்கலாம். அதே முன்கைத் திருப்பல்தான், கொஞ்சம் கீழே, இடுப்போடு ஒட்டி.

போனில் பார்க்கும் முறை

வாயால் வாதாடுவதை விட வீடியோ எடுப்பது நல்லது. இப்போதைய போன்களில் பலவற்றில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷன் இருக்கிறது. போனைப் பிட்சரின் வலப்பக்கம், நேர் செங்கோணத்தில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். கையில் பிடித்து எடுக்காதீர்கள், நடுங்கும். நான் இரண்டு தண்ணீர்ப் போத்தலுக்கு நடுவில் செருகி ஒரு ஸ்டூலில் வைத்தேன். பிறகு கேட்சர் பின்னால் இருந்தும் ஒன்று எடுங்கள்.

நிறுத்திப் பார்க்க வேண்டிய முதல் இடம் 9 மணி. உள்ளங்கை எங்கே பார்க்கிறது? நிலத்தையா, வானத்தையா? அடுத்தது அதற்கு மூன்று நான்கு பிரேம் பின்னால்: முழங்கை விலாவுக்கு வந்துவிட்டதா, பந்து இன்னும் பின்னால் நிற்கிறதா? இரண்டும் ஒன்றாக, ஒரே கோலாக இறங்கினால் அங்கே சாட்டை இல்லை, தடிதான். பிறகு பந்து விடுபடும் பிரேம். முன்கை உடம்பைத் தொட்டிருக்கிறதா, இடையில் வெளிச்சம் தெரிகிறதா? கடைசியில் பந்து போன பிறகு கை என்ன செய்கிறது என்று பாருங்கள், ஆனால் அதைத் திருத்தாதீர்கள். முழங்கை தூக்கி முடிவது நோயின் அறிகுறி மட்டும். பந்து ஏற்கெனவே போய்விட்டது, அதற்குப் பிறகு கையை எங்கே வைத்தாலும் பந்துக்குத் தெரியப்போவதில்லை.

நாங்கள் செய்தபோது முதல் நாள் வீடியோவில் அவள் உள்ளங்கை நிலத்தைத்தான் பார்த்தது. "நான் மேலே பார்க்கத்தான் வைத்திருக்கிறேன்" என்று அடித்துச் சொன்னாள். போனை நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இவ்வளவு நாளும் என்ன செய்தேன், சித்தப்பா?" என்றாள்.

உரசல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. வெள்ளை டீஷேர்ட்டைப் போடச் சொல்லி, முன்கையின் உட்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே, முகத்துக்குப் பூசும் பவுடருக்குப் பதிலாக மஞ்சள் தூள் கொஞ்சம் தடவி விடுங்கள். பத்துப் பந்து போட்ட பிறகு இடுப்பெலும்புக்குக் கிட்ட ஒரு மெல்லிய மஞ்சள் கோடு விழுந்திருக்க வேண்டும். அண்ணியிடம் ஏச்சு விழும், அது வேறு. இலேசான கோடுதான் வேண்டும். முழங்கை மூட்டிலேயே கண்டிப்போய் நீலம் பாய்ந்தால் அது உரசல் இல்லை, மோதல். பெரும்பாலும் இடுப்பு முந்திக்கொண்டு மூடிக்கொண்டதால் கைக்கு வழி இல்லாமல் போயிருக்கும்.

வேகத்தையும் இதே வீடியோவில் கணக்குப் பார்க்கலாம், ரேடார் தேவையில்லை. பந்து விடுபட்ட இடத்தில் இருந்து கிளவுஸ் வரை நிலத்தில் அளந்தோம், 11.3 மீற்றர். பந்து போய்ச் சேர 108 பிரேம். 240ஆல் வகுத்தால் 0.45 விநாடி. 11.3ஐ அதால் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 90 கிலோமீற்றர். இது சராசரி, கையை விடும்போது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பின்னால் இருந்து கட்டுங்கள்

புதுப் பிள்ளைக்கு முதல் நாளே முழு வட்டம் கற்றுக்கொடுக்காதீர்கள். வட்டம் கண்ணுக்கு வடிவாக இருக்கும், அதைச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பந்தை எப்படி விடுவது என்பதே படியாமல் போய்விடும். விடுவதில் இருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். மொடிஃபைட் மாதிரி அரைவீச்சில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் கிழமை பந்தே வேண்டாம். இரண்டு சோடி காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, சுவருக்குப் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்கவையுங்கள். இடது தோள் சுவரைப் பார்க்கட்டும். கையைப் பின்னால், 9க்கும் 8க்கும் இடையில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, தூக்கியெறியாமல் விழவிடச் சொல்லுங்கள். முழங்கை விலாவுக்கு, முன்கை இடுப்பை உரச, காலுறை சுவரில் "டப்" என்று மோதும். சத்தம் வந்தால் சரி. தள்ளினால் சத்தம் மொத்தையாக வரும், காது தானாகப் பழகிவிடும். ஒரு நாளைக்கு 50 காணும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

அப்புறம் 12இல் இருந்து, அப்புறம் முழு வட்டம், இன்னும் கால் அசையாமல். அதற்குப் பிறகுதான் உண்மையான பந்தும் காலடியும். நிமிர்ந்து நின்று மணிக்கட்டை மட்டும் சுண்டிச் சுண்டிப் பந்து போடும் பயிற்சி ஒன்று எல்லா இடத்திலும் உண்டு. என்னைக் கேட்டால் அதை விட்டுவிடலாம். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் கடைசியில் அது தானாகச் சுண்டும். வேண்டுமென்று சுண்டப் போனால் முன்கை இறுகிவிடும்.

கை இறுகியிருக்கிறதா என்று அறிய முகத்தைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கையும் இறுகித்தான் இருக்கும். எங்கள் செக்கியூரிட்டி அண்ணை, சொஃப்ட்போல் வாழ்க்கையில் பார்த்தே இராதவர், மூன்றாம் நாள் கதிரையில் இருந்தபடியே சொன்னார், "தங்கச்சி கோபப்படாத நேரம் போடுற பந்துதான் சத்தமாக் கேக்குது" என்று. இரண்டு கோச்சுகளும் சேர்ந்து சொல்லாத வார்த்தை.

கால்கள்

கையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் கை சாட்டையின் நுனி மட்டும்தான், பிடி காலில் இருக்கிறது. பலகையில் இருந்து பலமாகத் தள்ளி, ஏறக்குறைய தன் உயரம் அளவுக்கு முன்னால் பாய வேண்டும். பலகையில் இருந்து ஹோம் பிளேட்டுக்குச் சோக்கட்டியால் நேர்கோடு போடுங்கள். இடது பாதம் அந்தக் கோட்டில், விரல்கள் மூன்றாவது பேஸ் பக்கம் 30 முதல் 45 பாகை வரை திரும்பியபடி, கை 12ஐத் தாண்டி 9ஐ அடைவதற்குள் பதிய வேண்டும். பதிந்த கால் அசையாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். ஓடுகிற பஸ் பிரேக் அடித்தால் நிற்கிற சனம் முன்னால் பாயுமே, 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முன்கால் பிரேக், கை அந்தச் சனம். முன்கால் மடிந்து உடம்பு தொடர்ந்து முன்னால் சரிந்தால் அந்த வேகம் எல்லாம் வீண்.

இடுப்பு பாய்ச்சலில் திறந்து மூன்றாவது பேஸைப் பார்க்கும், பந்தை விடும் நேரம் பாதிதான் மூடியிருக்க வேண்டும். முழுக்க மூடு என்று சொல்லிக்கொடுப்பது ஹலோ எல்போவின் இரட்டைப் பிறவி.

பின்கால் விடயத்தில் பிட்சருக்குப் பிட்சர் பாணி மாறும். சிலர் பெருவிரல் நுனியால் நிலத்தைக் கோடிழுத்துக்கொண்டு வருவார்கள், சப்பாத்து நுனி மாதத்தில் கிழியும். சிலர் இரண்டு காலும் காற்றில் இருக்கப் பாய்வார்கள். அப்படிப் பாய்வது ஆண்கள் ஆட்டத்தில் அனுமதி, பெண்கள் ஆட்டத்தில் நெடுங்காலம் தடை, அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் அண்மையில் தளர்த்திவிட்டார்கள். ஆடப்போகும் போட்டியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகத் தடையாக இருப்பது க்ரோ ஹொப், அதாவது பாய்ந்து, பின்காலை முன்னே ஓரிடத்தில் மறுபடி ஊன்றி, அங்கிருந்து இரண்டாம் முறை தள்ளுவது. கிரிக்கெட்டில் ஓடிவந்து போட்டுப் பழகியவர்களுக்கு இது தன்னையறியாமல் வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வந்தது.

வேறு வேறு பந்துகள்

நேர்ப்பந்து பத்துக்கு ஏழு சரியாக விழும்வரை வேறெதுவும் வேண்டாம், ஒன்றைத் தவிர. அது சேஞ்சப். கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் மெதுவாகப் போகும். ஆழமாக உள்ளங்கையில் பிடித்தோ, புறங்கை முன்னால் வரும்படி விட்டோ போடலாம். மட்டையாளரைத் திணறடிக்க இரண்டாவது ஆயுதமாக இதைவிட மலிவானது இல்லை.

அடுத்தது ட்ரொப். விரல்கள் பந்தின் பின்பக்கமாகக் கீழிருந்து மேலே உரித்துக்கொண்டு வந்தால் பந்து முன்னோக்கி உருளும் சுழற்சியோடு போய்க் கடைசியில் குத்தென்று விழும். இன்டர்னல் ரொட்டேஷன் படிந்த கைக்கு இது இயல்பாக வரும். ரைஸ் போல் எல்லோரும் ஆசைப்படுவது, எல்லோருக்கும் வராதது. பின்னோக்கிய சுழற்சி வேண்டும், பெரும்பாலானவர்கள் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பக்கவாட்டில் சுற்றவிட்டுவிட்டு ரைஸ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் வானத்துக்கு ஏறுவதில்லை. தாழ்வாக விட்ட பந்து ஏற்கெனவே மேல்நோக்கித்தான் போகிறது, சுழற்சி அது விழுவதைக் குறைக்கிறது, கண் ஏமாறுகிறது. பந்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு வளையம் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று வீடியோவில் தெரியும்.

தோள்

அண்டர்ஆர்ம் என்பதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை பந்தும் போடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வின்ட்மில் போடுகிறவர்களுக்கு முன்தோளிலும் பைசெப்ஸ் தசைநாரிலும் வலி வருவது சாதாரணம். 2008 பீஜிங்கில் உவேனோ இரண்டு நாளில் 413 பந்து வீசினார். அது ஒலிம்பிக் தங்கத்துக்காக ஒருமுறை செய்தது, உங்கள் பிள்ளையின் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அளவுகோல் இல்லை. நாங்கள் ஒரு நாளைக்கு 60இல் நிறுத்தினோம், மூன்றாம் நாள் ஓய்வு. முன்தோளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தானாக நிறுத்தினால் அன்றைக்கு அதோடு சரி, "இன்னும் பத்து" என்று கேட்காதீர்கள். தொடர்ந்து வலித்தால் மருத்துவரிடம்தான்.

இடம், நேரம், வாளி

43 அடி என்பது 13.1 மீற்றர். கிரிக்கெட் பிட்ச் இருக்கிற எந்த மைதானத்திலும் ஒரு பக்க ஸ்டம்பில் இருந்து அளந்து கோடு போட்டுக்கொள்ளலாம். பலகைக்கு 24 அங்குலத்துக்கு 6 அங்குலமாகப் பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றை வெட்டி நான்கு மூலையிலும் ஆணி அடித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு 35, 40 அடி என்று தூரத்தைக் குறைத்து, 11 அங்குலப் பந்தைக் கொடுங்கள்.

காலிமுகத்திடல் விசாலம்தான், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடற்காற்று பின்னேரம் அடிக்கிற அடிக்கு அங்கே பந்து எந்தப் பக்கம் வளைந்தது, சுழற்சியாலா காற்றாலா என்று கண்டுபிடிக்க முடியாது. காலை ஆறரைக்குப் போனால் பரவாயில்லை, பட்டம் விடுகிற கூட்டமும் இருக்காது. மழை நாளில் கார் பார்க். வியர்வையில் பந்து வழுக்கினால் உள்ளங்கையை மட்டும் துடைத்துக் காணாது, முன்கையையும் துடையுங்கள், அங்கிருந்துதான் வழிந்து வரும். கார் பார்க்கில் கேட்சர் பின்னால் பழைய மெத்தை ஒன்றைச் சாத்திவையுங்கள். நாங்கள் நான்காம் நாள்தான் வைத்தோம், அதற்குள் எதிர்வீட்டு ஐயாவின் பம்பரில் ஒரு பள்ளம். பாவம், ஒன்றும் சொல்லவில்லை, காரை மட்டும் மறுபக்கம் திருப்பி நிறுத்தினார்.

வாளியில் உட்காரப்போகிற அப்பாமார், சித்தப்பாமார், மாமாமார் எல்லோரும் காலில் கட்டும் கிரிக்கெட் கவசம் ஒரு சோடியைக் கட்டிக்கொள்ளுங்கள், முகக்கவசம் உள்ள ஹெல்மெட்டும் போடுங்கள். கிளவுஸை எப்போதும் நிலத்தோடு வைத்து மேலே தூக்குங்கள், மேலே வைத்துக் கீழே கொண்டுபோகாதீர்கள், ட்ரொப் பந்துக்கு அது பிந்திவிடும். வாளிக்கு மேலே ஒரு தலையணை. 60 பந்து என்பது உட்கார்ந்திருக்கிறவருக்கும் 60தான்.